இரு வீட்டுப் பிள்ளைக்கு ஒரே மருத்துவக் கோப்பு

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் மருத்துவ ஆவணப் பிரிவுக்கு ஒருவகை விண்ணப்பங்கள் கூடுதலாக வருகின்றன. மனைவியைப் பிரிந்து வாழும் தந்தையோ கணவனைப் பிரிந்து வாழும் தாயோ, விடுமுறைக்குத் தம்மிடம் வரவிருக்கும் பிள்ளையின் சிகிச்சைக் குறிப்புகளுக்கு நகல் கேட்டு எழுதுபவை அவை. பிள்ளையை இங்கே அழைத்து வந்தவரும், சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்டவரும், கட்டணம் செலுத்தியவரும் மற்றவராகவே இருப்பார். அப்படியிருக்க இவருக்கு நகல் தரலாமா என்ற கேள்வி எழுகிறது. இரு தரத்துப் பெற்றோரும் இதை எங்களிடம் கேட்கின்றனர். ஒருவர் ஏக்கத்தோடும் மற்றவர் அச்சத்தோடும்.

சட்டத்தைப் பார்க்குமுன் பிள்ளையைப் பார்ப்போம். வலிப்பு நோய்க்கு மருந்து உண்ணும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். காலையும் இரவும் தவறாது கொடுக்க வேண்டிய மருந்து அது. திடீரென நின்றுபோனால் வலிப்பு திரும்பக்கூடும். சில வேளைகளில் முன்னிலும் கடுமையாக, நிற்காமல் நீளக்கூடும். பையில் வைத்து அனுப்பிய புட்டி மூன்றாம் நாள் கைதவறி உடைந்துவிடுகிறது. ‘அம்மா ஒரு மூடி கொடுப்பாங்க’ என்று பிள்ளை சொல்வதை வைத்துக்கொண்டு வெளியூர் மருத்துவர் எந்த மருந்தை, எந்த அளவில் எழுதுவார்? இரவு பதினொரு மணிக்குப் பேச்சுவார்த்தை அற்றுப்போன இரு வீடுகளுக்கிடையே தொலைபேசி எடுக்கப்படாமலே ஒலிக்கும்.

வலிப்பு மருந்து வரை போக வேண்டியதில்லை. காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமால் சிரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் கடையில் கிடைக்கிறது. 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது. மூடி ஒன்றுதான், உள்ளே போகும் மருந்து இருமடங்கு. பென்சிலின் ஒவ்வாமையும் இத்தகையதே. ஒரு வீட்டார் மட்டும் அறிந்திருந்தால், மற்ற வீட்டில் இருக்கும் நாளில் அந்த அறிவு பிள்ளைக்கு உதவாது.

இனிச் சட்டம். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்ற உடனிருப்பவரோ சட்ட அதிகாரிகளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களை வழங்க வேண்டும். பிரிந்த பெற்றோரைப் பற்றி அவ்விதி தனியே எதுவும் பேசவில்லை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்காகக் கேட்க உரியவர் அதன் காப்பாளர். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், தந்தையையும் அவருக்குப் பின் தாயையும் இயற்கைக் காப்பாளர்களாகக் குறிப்பிடுகிறது. இந்தப் ‘பின்’ என்ற சொல் தந்தையின் இறப்புக்குப் பின் என்று மட்டும் பொருள்படாது. அவர் பொறுப்பேற்காத நிலையில் அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் காப்பாளராகச் செயற்படலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் விளக்கியது. பிற சமயத்தாருக்கு அவரவர் தனிச்சட்டத்தோடு 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் பொருந்தும்.

பலர் இங்கே இரண்டைக் குழப்பிக்கொள்கின்றனர். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பது ஒன்று; பிள்ளைக்குக் காப்பாளர் யார் என்பது வேறொன்று. குடும்ப நீதிமன்றம் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்தது என்பதாலேயே தந்தை அயலாராகிவிடுவதில்லை. தந்தையிடம் ஒப்படைத்தாலும் தாய்க்கு அவ்வாறே. ஆகவே, நீதிமன்றம் வேறுவிதமாக ஆணையிடாத வரை, நாங்கள் இருவரையும் பெற்றோராகவே கருதுகிறோம். இதை ஒருவர்பால் சாய்வதாகச் சிலர் எண்ணுவதுண்டு. நாங்கள் சாய்வது பிள்ளையின் பக்கம்.

நடைமுறை எளியது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், விண்ணப்பிப்பவரின் அடையாள அட்டை, நீதிமன்ற ஆணை இருப்பின் அதன் நகல் ஆகியவற்றோடு நேரில் வர வேண்டும். தொலைபேசியில் எவருக்கும் எதையும் சொல்வதில்லை. ‘நான்தான் அப்பா’ என்னும் குரலை எங்கள் எழுத்தர் எப்படிச் சரிபார்ப்பார்? தாத்தா, பாட்டி, மாமா ஆகியோர் வந்தால், பெற்றோரின் அதிகாரக் கடிதம் வேண்டும். ஆவணத்தில் உள்ள மற்றவரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மறைத்த பின்னரே நகல் எடுக்கப்படும். பிள்ளையின் ஒவ்வாமையை அறிய வந்தவருக்கு முன்னாள் துணைவரின் புது வீட்டுக் கதவிலக்கம் தேவைப்படாது.

அஞ்சுபவர்களின் அச்சம் வெறும் கற்பனையன்று என்பதையும் அறிவோம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு ஆணை பெற்றவர்கள் அதன் நகலை எங்களிடம் முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டுகிறோம். ஆணை பீரோவுக்குள் இருந்தால் ஆவணப் பிரிவுக்கு அது தெரியாது. பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராலேயே தீங்கு நேர்ந்ததாக ஐயம் உள்ள இடத்தில் நகல் தருவது நிறுத்தப்படும். மருத்துவரும் சட்ட ஆலோசகரும் கலந்து முடிவெடுப்பர். வளரிளம் பருவப் பிள்ளை மனநல மருத்துவரிடம் மனம் திறந்து சொன்னவையும் தனியே பேணப்படுகின்றன. எந்த மருந்து, என்ன அளவு, எப்போது ஆபத்து என்பவற்றைப் பெற்றோர் அறிவர். அறைக்குள் நிகழ்ந்த உரையாடல் முழுவதையும் நாங்கள் நகலெடுத்துக் கொடுப்பதில்லை.

இன்னொரு வேண்டுகோளும் எங்கள் மருத்துவர்களிடம் அடிக்கடி வைக்கப்படுகிறது. ‘அவர் வீட்டில் இருந்தபோதுதான் சளி பிடித்தது என்று எழுதிக் கொடுங்கள்’ என்பது அது. மருத்துவர் தாம் கண்டதை எழுதுவார். தமக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னவர் பெயரோடு எழுதுவார். யார் வீட்டில் பிள்ளை நன்றாக வளர்கிறது என்று தீர்ப்பு எழுதும் இடம் கேஸ் ஷீட் அன்று. வழக்குக்கு ஆவணம் தேவையெனில் நீதிமன்றமே எங்களுக்கு அழைப்பாணை அனுப்பட்டும். முழுக் கோப்பும் அங்கே செல்லும்.

இவ்வளவு விண்ணப்பமும் சான்றும் பெரும்பாலோர்க்குத் தேவைப்படாமலே போகலாம். விடுமுறைக்குமுன் புறநோயாளர் பிரிவுக்குப் பிள்ளையை அழைத்து வரும்போது, ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். நோயின் பெயர், மருந்தின் பெயர், புட்டியில் அச்சிட்ட செறிவு, வேளைக்கு எத்தனை மில்லி, பிள்ளையின் இன்றைய எடை, ஒவ்வாமை, எந்த அறிகுறி கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பன அதில் இருக்கும். இரண்டு படிகள் கேட்டு வாங்குங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும். மற்றதைப் பிள்ளையின் பையில், மருந்துப் புட்டியோடு வைத்து அனுப்புங்கள்.