சயாமுக்குப் போனவர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

தாய்லாந்தின், அதாவது பழைய சயாமின், காஞ்சனாபுரிக்குப் போகலாமென்று இருக்கிறோம் என்று மலேசியாவில் எங்கள் பீடோரில் யாராவது சொன்னால், டிக்கெட் விலையை நான் கேட்பதில்லை. “உங்க வீட்டுல யாரு சயாமுக்குப் போனது?” என்றுதான் கேட்பேன். பாதிப் பேருக்கு உடனே பதில் வராது. அப்பாயியைக் கேட்டுச் சொல்கிறேன், பெரியப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். பயண ஏற்பாடு அங்கேதான் தொடங்க வேண்டும். பெயர், தோட்டம், போன வருஷம், கூடப் போனவர்கள் என்று தெரிந்தவரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் அங்கே ரயில் பாதை போட்ட வெள்ளைக்காரக் கைதிகளுக்கு இருப்பதுபோல் பெயர்ப் பதிவேடு, அதே வேலைக்குப் போன நம் தோட்டத் தமிழர்களுக்கு அங்கே கிடையாது. பெயரை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

என் தாத்தாவின் அண்ணன் 1943-இல் போனவர். ரப்பர் பால் ஏற்றுமதி நின்று, துரைமார் ஓடிப்போய், தோட்டமே மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த சப்பான்காரன் காலம். விடிகாலைப் பிரட்டுக் களத்தில் கிராணி பெயர் வாசித்தாராம். “மூணு மாச வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம்னு சொல்லித்தான்டா கூட்டிக்கிட்டுப் போனாங்க” என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தம்பிக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்ததால் அண்ணன் தானாக முன்வந்து நின்றிருக்கிறார். அந்தத் தம்பியின் வழி வந்தவன் நான்.

அவர்கள் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையின் கதையைப் போகுமுன் தெரிந்துகொள்வது நல்லது. பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குக் கடல்வழியே சாமான் அனுப்பினால் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் தாக்கின. அதனால் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் வெட்டிக் கம்பிச் சடக்கு போட்டார்கள். 1942 ஜூனில் வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் சேர்ந்தன. போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல்; அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். கைதிகளிடம் சொந்த ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது மூங்கில் கொட்டகைகளில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள்.

ரயிலில் போவதுதான் என் ஆலோசனை. தாப்பா ரோட்டிலோ ஈப்போவிலோ ஈடிஎஸ் ஏறிப் பாடாங் பெசார் போகலாம். இரு நாட்டுக் குடிநுழைவும் அந்த ஒரே நிலையத்தில் முடிந்துவிடும். மாலையில் பேங்காக் ரயில், படுக்கை வசதியுண்டு. தாய்லாந்தின் மின்னணு வருகை அட்டையைக் கிளம்புமுன் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். 2025 மே முதல் அது கட்டாயம். மறுநாள் காலை பான் போங்கைத் தாண்டும்போது விழித்திருங்கள். நம்மவர்களைச் சாமான் வண்டியில் அடைத்துக் கொண்டுவந்து இறக்கிய இடம் அது. நக்கோன் பாத்தோமில் இறங்கினால் காஞ்சனாபுரிக்கு ரயிலோ வேனோ கிடைக்கும்.

காஞ்சனாபுரி ஊருக்குள் எல்லாரும் முதலில் ஓடுவது குவாய் ஆற்றுப் பாலத்துக்கு. 1957-இல் வந்த ஆங்கிலப் படத்தால் உலகப் புகழ் பெற்ற பாலம். ஆனால் அந்தப் படம் எடுத்தது இலங்கையின் கித்துல்கலையில். பாலத்தைப் பார்க்க அரை மணி போதும். அதன் பக்கத்தில் ஜப்பானியர்களே 1944-இல் எழுப்பிய நினைவுத்தூணைத் தவறவிடாதீர்கள். அதன் சுவரில் தமிழிலும் ஒரு பலகை உண்டு. வேலை வாங்கிக் கொன்றவர்களே வைத்த அஞ்சலி அது. படிக்கையில் எனக்கு வயிறு எரிந்தது.

பெரிய போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 பேர் கிடக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். ஒவ்வொருவருக்கும் வெண்கலப் பலகை, வெட்டிவிட்ட புல், பூச்செடி. அவர்களும் பட்டினியில் செத்த பிள்ளைகள்தான், நின்று கும்பிடுங்கள். ஆனால் அங்கேயே திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலிருக்கும் வாட் தாவோன் வராராம் கோயில் வளாகத்தில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் அடங்கிய நினைவிடம் இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் முயன்று 2023-இல் நட்ட நடுகல்லும் அங்கேதான். பூவும் ஊதுபத்தியும் கொண்டுபோங்கள். சூடம் ஏற்றுவதென்றால் பிக்குகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏற்றுங்கள். நோட்டில் எழுதிய பெயரை உரக்கச் சொல்லுங்கள். நான் பெரிய தாத்தா பெயரைச் சொன்னபோது, கூட வந்த அக்காள் மகன் அதைப் பிழையில்லாமல் எழுதிக்காட்டச் சொல்லிக் கேட்டான். அவனுக்குப் பதினாறு வயது.

மறுநாளை மலைக்கு ஒதுக்குங்கள். நாம் தோக் போகும் ரயிலில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் 100 பாட். தாம் கிராசே பகுதியில் பாறையை ஒட்டி, ஆற்றுக்கு மேலே, மரத்தூண்கள் மீது ரயில் ஊர்ந்து போகும். கடைசி நிலையத்தில் இறங்கி வண்டி பிடித்தால் ஹெல்ஃபயர் கணவாய். தீப்பந்த வெளிச்சத்தில் இரவிலும் உளியும் சுத்தியலுமாய்ப் பாறையைக் குடைந்த இடம். ஆஸ்திரேலிய அரசு 1998-இல் திறந்த விளக்க மையத்துக்கு அனுமதி இலவசம். படிகள் அதிகம், முட்டிவலிக்காரர்கள் மையத்தோடு நின்றுகொள்ளலாம்.

எப்போது போவது? நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்ச்சி என்பார்கள். ஆனால் நவம்பர் இறுதியில் பாலத்தில் ஒலி ஒளித் திருவிழா நடக்கும். துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கூட்டம் ஒத்துவராது. ஆஸ்திரேலியர்கள் ஆண்டுதோறும் ஏப்ரல் 25 விடியலில் ஹெல்ஃபயர் கணவாயில் கூடுகிறார்கள். பேரன் பேத்திகள்கூட விமானம் ஏறி வருகிறார்கள். நமக்கு, பாதையின் இரு முனைகளும் சேர்ந்த அக்டோபர் 17 பொருந்தும் என்பது என் எண்ணம். மழை இருந்தாலும் பரவாயில்லை. பீடோர், தாப்பா, சுங்கை கோயில் கமிட்டிகள் சேர்ந்தால் ஒரு பஸ்ஸை நிரப்ப ஆள் உண்டு. வர நினைப்பவர்கள் கடப்பிதழில் ஆறு மாதக் காலம் மிச்சமிருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களை அதற்கும் முன்னால் கேட்டுவிடுங்கள்.