பின் சீட்டில் உட்காருபவளை யார் கேட்டார்கள்?



சமையல் குறிப்பு, மாமியார் - மருமகள், பிள்ளைகள் படிப்பு என்று இந்தப் பகுதியில் எத்தனையோ பேசியிருக்கிறோம். மோட்டார் சைக்கிள் வாங்கின கதையை எழுத, எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. 'இதில் பொம்பளைக்கு என்ன வேலை?' என்று நினைத்து விடாதீர்கள். முழுதும் படித்து விட்டுச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பே, என் கணவரிடம் ஒரு 'புல்லட்' இருந்தது. தெருமுனையில் அந்த 'டப்... டப்...' சத்தம் கேட்கும் போதே, காபிக்குப் பால் வைத்து விடுவேன். 1996ல், என் நாத்தனார் கல்யாணத்துக்கு நகை போதவில்லை. வண்டியை விற்றார். வாங்கியவர் அதை ஓட்டிக் கொண்டு போன போது, இவர் வாசலுக்கே வரவில்லை. கொல்லையில், கிணற்றடியில் போய் நின்று கொண்டார். அப்புறம் ஒரு மொபெட், அதற்கப்புறம் கியர் இல்லாத ஸ்கூட்டர். 29 வருஷத்தில், ஒரு நாள் கூட அந்த வண்டியைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

2025ல் ஓய்வு பெற்றார். நான் கட்டி வந்த இரண்டரை லட்ச ரூபாய் சீட்டும், அதே சமயத்தில் முடிந்தது. 'உனக்கு வளையல் வாங்கிக்கம்மா. கையில ஒண்ணுமே இல்லியே...' என்றார். 'வளையல் இருக்கட்டும்ங்க, உங்களுக்கு வண்டி வாங்கலாம்' என்றேன். மனுஷன் ஒன்றுமே பேசவில்லை. அன்று ராத்திரி மட்டும், இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

விஷயம் வெளியே தெரிந்ததுதான் தாமதம், வீட்டில் நான்கு கட்சி கிளம்பி விட்டது!

கணவருக்கு, 'ராயல் என்பீல்ட் கிளாசிக் 350' தான் வேண்டும். பார்ப்பதற்கு அவருடைய பழைய வண்டி மாதிரியே இருக்கிறதாம். 'இங்கிலீஷ்காரன் கம்பெனியா இருந்தாலும், 1955லயே நம்ம திருவொற்றியூருக்கு வந்துட்டது. இது நம்ம ஊர் வண்டிம்மா' என்று பெருமை வேறு.

பெங்களூரில் இருக்கும் மகனோ, 'அப்பா, ஹோண்டா ஹைனெஸ் வாங்குங்க. 181 கிலோதான், கிளாசிக் 195 கிலோ. 2020ல வந்ததிலிருந்தே, கிளட்ச் விரல்ல பிடிக்கிற மாதிரி லேசா இருக்கு' என்றான்.

மாப்பிள்ளைக்கு, 'ஜாவா' தவிர எதுவும் வண்டியே இல்லை. அவருடைய அப்பா, 'யெஸ்டி' ஓட்டியவர். 1961ல் மைசூரில் தொடங்கிய அந்த தொழிற்சாலை, 1996ல் மூடப்பட்டதையும், 2018ல் ஜாவா என்ற பெயர் மறுபடி வந்ததையும், மாப்பிள்ளை சொல்லும் போது கண் கலங்காத குறைதான். '42 பாபர்' என்ற வண்டியின் படத்தை, மொபைலில் அனுப்பி வைத்தார்.

எதிர் வீட்டுத் தம்பி சொன்னது இது: 'மாமா, நீங்க சொல்றதுல பாதி, குரூஸரே இல்ல. சீட் தாழ்வா, ஹேண்டில் பார் உயர்ந்து, கால் முன்னாடி நீட்டி, நாற்காலியில உட்கார்ந்த மாதிரி ஓட்டணும், அதுதான் குரூஸர். மீட்டியோர் 350 பாருங்க. இல்லன்னா அவெஞ்சர் பாருங்க...'

இப்படி இரண்டு வாரம், வீடு தேர்தல் பிரசார மேடை மாதிரி இருந்தது. 'என்ஜின்' என்றார்கள், 'டார்க்' என்றார்கள். நான்கு ஆண்களில் ஒருவராவது, 'பின்னால் உட்காரப் போவது யார், அவளுக்கு என்ன சவுகரியம்?' என்று கேட்கவில்லை, தோழியரே! மாப்பிள்ளை அனுப்பிய படத்தை உற்றுப் பார்த்தேன். அதில் இருந்தது ஒரே ஒரு சீட்! 'மாப்பிள்ளை, இதுல நான் எங்க உட்கார்றது?' என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'அதை நான் யோசிக்கலையே அத்தை...' என்றார் பாவம்.

அன்று முதல், நானே களத்தில் இறங்கினேன். எனக்கு என்ஜின் தெரியாது. ஆனால், 20 வருஷமாக அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைக்கிறேன். அளவு எடுக்கத் தெரியும். கணவரை, செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, டேப்பால் உள்கால் அளவு எடுத்தேன்: 29.5 அங்குலம். வண்டிக்கு, தரையிலிருந்து சீட் வரை உயரம் எவ்வளவு என்பதை, கம்பெனிகளே நோட்டீசில் போடுகின்றன. மில்லிமீட்டரில் இருப்பதை, 25.4 ஆல் வகுத்தால் அங்குலம் வந்து விடும். கிளாசிக் 805 மி.மீ., ஏறக்குறைய 31.7 அங்குலம். ஹைனெஸ் 800, அது 31.5. மீட்டியோர் 765, 30 அங்குலம். அவெஞ்சர் குரூஸ் 737, 29 அங்குலம்.

இந்த ஒன்றிரண்டு அங்குலத்தில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? சிக்னலில் நிற்கும் போது, கிட்டத்தட்ட 190 கிலோ வண்டியையும், பின்னால் இருக்கும் நம் எடையையும், அவர் கால்தான் தாங்க வேண்டும். பாதம் முழுதும் தரையில் பதிந்தால் பயமில்லை. நுனிக்காலில் நின்று, அந்த இடத்தில் கொஞ்சம் மணலோ, பள்ளமோ இருந்தால், வண்டி சாயும், பிடிக்க முடியாது. அறுபது வயசில், முட்டிக்கு அந்தச் சோதனை தேவையா? ஆனால், காகிதக் கணக்கு மட்டும் போதாது. சீட் அகலமாக இருந்தாலும் கால் எட்டாது. நேரில் உட்கார்ந்து பார்த்தே தீர வேண்டும்.

அப்படிப் பார்க்கப் போன இடத்தில்தான், அந்த சம்பவம் நடந்தது.

ஆகஸ்ட் கடைசியில், ஒரு கடையில் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தனர். நான், புடவையில் ஒரு பக்கமாக உட்கார்ந்து கொண்டேன். நல்ல வேளையாக, இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தோம். அரை கிலோமீட்டர் போயிருப்போம். சந்திலிருந்து ஒரு ஆட்டோ, சடாரென்று திரும்பியது. இவர் இடது காலை ஓங்கி அழுத்துகிறார், வண்டி நிற்கவில்லை! கடைசி நொடியில், கை பிரேக்கைப் பிடித்து, வண்டி குலுங்கி நின்றது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த நான், அப்படியே வழுக்கி, ரோட்டில் முட்டி போட்ட மாதிரி விழுந்தேன். சிராய்ப்போடு போயிற்று.

கோளாறு வண்டியில் இல்லை. அவருடைய பழைய புல்லட்டில், கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருந்தது. இப்போது வரும் வண்டிகளில், கியர் இடது பக்கம், பிரேக் வலது பக்கம். ஸ்கூட்டரிலோ காலுக்கு வேலையே இல்லை. 29 வருஷத்துக்கு அப்புறமும், ஆபத்து என்றதும் அவர் கால், பழைய வண்டியைத் தேடியிருக்கிறது!

வீட்டுக்கு வந்து, என் முட்டிக்கு மருந்து போட்டபடி, 'வேணாம்மா, விட்டுடலாம். எனக்கு வயசாயிடுச்சு' என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 1996ல், கிணற்றடியில் நின்ற அதே முகம். 'வயசு ஆகலைங்க, பழக்கம் விட்டுப் போச்சு. மறுபடி பழகிக்கலாம்' என்றேன். 'பழகாமல் வண்டி எடுக்கக் கூடாது' என்று கண்டிஷனும் போட்டேன்.

எதிர் வீட்டுத் தம்பி, தன் பழைய 125 சி.சி. வண்டியைக் கொடுத்தான். ஊருக்கு வெளியே, வீடு கட்டாமல் காலியாகக் கிடக்கும் மனைகளுக்கு நடுவே, தினமும் காலை 5:30 மணிக்குப் போனோம். நான், பிளாஸ்கில் காபியோடு கல்லில் உட்கார்ந்து கொள்வேன். அவர் சுற்றிச் சுற்றி வரும் போது, எதிர்பாராத நேரத்தில் 'பிரேக்!' என்று கத்துவேன். முதல் நாள், பத்துக்கு ஆறு முறை இடது கால்தான் போயிற்று. மூன்று வாரம் விடவில்லை. கடைசி நாலு நாளும், பத்துக்குப் பத்து வலது கால். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நான் கத்தி, அவர் மறு பேச்சில்லாமல் கேட்டது, அந்த மூன்று வாரம்தான்!

அடுத்த பிரச்னை, என் புடவை. ஒரு பக்கமாக உட்கார்ந்தால், கனமான வண்டியில் பாரம் ஒரு புறமே இழுக்கும்; பிரேக் போட்டால் பிடிமானமும் இல்லை. அதை அனுபவித்தே தெரிந்து கொண்டேன். மகள் இரண்டு சுடிதார் வாங்கி அனுப்பினாள். 54 வயசில், முதன் முதலாகப் போட்டுக் கொண்டு, அறையை விட்டு வெளியே வரவே கூச்சம். 82 வயது மாமியார், மேலும் கீழும் பார்த்தார். 'ஊர் என்ன சொல்லும்னு பார்க்கிறியா? அன்னிக்கு நீ ரோட்ல விழுந்தப்ப, ஊரா வந்து தூக்குச்சு? ரெண்டு பக்கமும் கால் போட்டு, அவனை இறுக்கிப் பிடிச்சுட்டு உட்காரு' என்று சொல்லி விட்டு, வெற்றிலையை மெல்ல ஆரம்பித்து விட்டார்.

இந்த மூன்று வாரத்தில், இன்னொரு லாபமும் கிடைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு, ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, 40 சதவீதம் ஆயிற்று. '650 சி.சி.யில் ஒண்ணு பாருங்களேன்' என்று ஆசை காட்டியவர்களின் வாய் அதோடு அடைத்தது. 'சூப்பர் மீட்டியோர் 650' எடை, 241 கிலோ! அதைத் தள்ளி, வாசல் திண்ணையோரம் நிறுத்த, ஆள் வைக்க வேண்டியதுதான்.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது, மீட்டியோர் 350. அதிலும், பின்னால் முதுகுக்குச் சாய்மானம் உள்ள ரகம். சீட்டுப் பணத்துக்கு மேல், கொஞ்சம் போட வேண்டியிருந்தது. அவர் பாதம் தரையில் பதிகிறது. என் முதுகுக்குத் தாங்கல் இருக்கிறது. மெக்கானிக் கடை, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இந்த மூன்றுக்காகவே வாங்கினோம்.

அதற்காக, எல்லாரும் இதையே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் உயரமானவர் என்றால், கிளாசிக்கோ, ஹைனெஸோ அவருக்குச் சரியாக இருக்கும். எடை தாங்காது என்பவர்களுக்கு, 163 கிலோ அவெஞ்சர் இலகு. அதன் குரூஸ் ரகத்திலும், சாய்மானம் உண்டு. தனி ஆளாக ஓட்டும் பிள்ளைகளுக்கு, மாப்பிள்ளை சொன்ன பாபரில் ஒரு குறையும் இல்லை.

வண்டி பார்க்கப் போகும் தோழியருக்கு, நான் கற்றுக் கொண்ட சில விஷயங்கள்:

* நீங்களும் கூடப் போங்கள். கடைக்காரர், உங்களைப் பார்க்காமல் வீட்டுக்காரரிடமே பேசுவார். எனக்கும் அப்படித்தான் நடந்தது. கவலைப்படாமல், பின் சீட்டில் ஏறி, பத்து நிமிஷம் உட்காருங்கள். முட்டி ரொம்ப மடங்குகிறதா, பின்னுக்குச் சரிகிறதா என்று தெரிந்து விடும்.

* பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தில் துணி சிக்காமல் இருக்கத் தடுப்பு - இவை, மத்திய மோட்டார் வாகன விதி 123ன்படி இருந்தே ஆக வேண்டியவை. 'அழகு கெட்டு விடும்' என்று, பிள்ளைகள் அந்தத் தடுப்பைக் கழற்றி விடுகின்றனர்; அனுமதிக்காதீர்கள். துப்பட்டாவை, இடுப்பில் கட்டிக் கொள்ளுங்கள்.

* 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில், 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அது முன் சக்கரத்துக்கு மட்டுமா, இரண்டுக்குமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் இருப்பது நல்லது.

* கடை விலை வேறு, ரோட்டுக்கு வரும் விலை வேறு. நம் மாநிலத்தில், ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட வண்டிக்கு, சாலை வரியே 12 சதவீதம். மூன்றாம் நபர் இன்சூரன்சை, 2018 செப்டம்பரிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும். கடையில் சொல்லும் இன்சூரன்ஸ் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. எங்களிடம், 'கையாளும் கட்டணம்' என்று ஒரு தொகை போட்டிருந்தனர். 'இது எதற்கு? எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டேன். பில்லிலிருந்து, அது காணாமல் போயிற்று!

* ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் கட்டாயம் என்கிறது சட்டம்.

* பல வருஷம் கழித்து ஓட்டுபவராக இருந்தால், தெருவுக்கு வருமுன் காலி இடத்தில் பழகட்டும். கவுரவம் பார்த்தால் ஆபத்து, அவருக்கு மட்டும் இல்லை. பின்னால் இருக்கும் நமக்கும்தான்.

போன வாரம், இரண்டு பேருமாக சுவாமிமலை போய் வந்தோம். வரும் வழியில், 'என்ன இருந்தாலும், அந்தப் பழைய சத்தம் இல்லம்மா...' என்றார். அதிர்வு தெரியாமலிருக்க, என்ஜினுக்கு உள்ளேயே ஏதோ வைத்திருக்கின்றனராம். வாஸ்தவம்தான். ஆனால், என் இடுப்புக்கு இந்த சத்தமே போதும். இந்த சத்தமும், இப்போது எனக்குத் தெருமுனையிலேயே அடையாளம் தெரிகிறது. காபிக்குப் பால் வைத்து விடுகிறேன்.

வண்டியை யார் வேண்டுமானாலும் ஓட்டட்டும், தோழியரே... பின்னால் உட்காருவது நாம் என்றால், வாங்கும் போது, நாமும் ஒரு வார்த்தை கேட்போமே!

- ஒரு வாசகி, கும்பகோணம்.