உங்களுக்குத் தெரியுமா? வார விடுமுறைக்கு வீடு வராத துப்பாக்கி

அமெரிக்கத் துப்பாக்கி என்றதும் பள்ளிக்கூடப் படுகொலைகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அங்கே 2021இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல்!

துப்பாக்கி கைக்கெட்டுவதற்கும் தற்கொலைக்கும் உள்ள தொடர்பை இஸ்ரேலில் பார்க்கலாம். அங்கே 18 வயதானால் பெரும்பாலோருக்கு ராணுவச் சேவை கட்டாயம். முன்பெல்லாம் வீரர்கள் வார விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது துப்பாக்கியும் கூடவே வரும். இளம் வீரர்களின் தற்கொலைகள் கவலை தரவே, ஆயுதத்தை முகாமிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என 2006இல் விதி மாறியது. தற்கொலை விகிதம் ஏறக்குறைய 40 விழுக்காடு சரிந்தது. அதுவும் பெரும்பாலும் வார இறுதியில். மற்ற நாட்களில் பெரிய மாற்றமில்லை. துப்பாக்கிச் சாவுகளின் பழியையெல்லாம் மனநோயின் தலையில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓர் உத்தரவால் அந்த இளைஞர்களின் மனத்துயர் தீர்ந்துவிடவில்லை. துயரம் முற்றிய நேரத்தில் துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, அவ்வளவே.

ஆனால் எல்லா நாடுகளும் ஒரே வழியில் போகவில்லை. ராணுவத் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ளும் மரபை விட மனமில்லாமல், சுவிட்சர்லாந்து மக்கள் 2011இல் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தார்கள். ஜப்பானிலோ வேட்டைத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டாலே மருத்துவரிடம் மனநலச் சான்று வாங்கிவர வேண்டும்.