வாடகைக் காரை ஓட்டி வருபவர் யார்?



இரவு ஒன்பது மணிக்குத் தொம்மலூர் மேம்பாலத்தின் அருகே சற்று நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? உள்வட்டச் சாலையிலுள்ள கம்ப்யூட்டர் அலுவலகங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கார்களும், இறக்கிவிட்டுத் திரும்பும் கார்களும் வரிசை வரிசையாய்ப் போகின்றன. அவற்றின் பின்னிருக்கையில் நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர்களிலும் நம் சகோதரர்கள் இருக்கிறார்கள். தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் பிழைப்புக்காக இந்நகரத்திற்கு வந்த குடும்பங்களில், மகன் கார் ஓட்டுகிறான். மகள் இரவுப் பணிக்குக் காரில் செல்கிறாள். ஆகவே டாக்ஸி ஓட்டுநர்களை எவ்விதம் ஒழுங்குபடுத்துவது என்னும் கேள்வி, நம்மைப் பொறுத்தவரை இருபுறமும் கருக்குள்ளது.

மறக்கக்கூடாத இரவு

2005ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பெங்களூரில் இரவுப் பணிக்குப் புறப்பட்ட ஓர் இளம்பெண்ணை அழைத்துப்போக ஒரு வண்டி வந்தது. அன்றைக்குத் தானே அனுப்பப்பட்ட ஓட்டுநர் என்று வந்தவன் சொன்னான். அவள் நம்பி ஏறினாள்; உயிரோடு திரும்பவில்லை. 2010ஆம் ஆண்டு நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவன் ஓட்டுநர் தொழில் செய்தவன்தான். வண்டி ஓட்டத் தெரியாததால் அந்தக் கொடுமை நேரவில்லை. வரவேண்டியவன் ஒருவனாயிருக்க, வந்தவன் வேறொருவனாயிருந்ததே அதற்கு வாசலாயிற்று.

2014 டிசம்பரில் தலைநகர் தில்லியில், செல்பேசிச் செயலி மூலம் அழைத்த காரில் ஒரு பெண் சீரழிக்கப்பட்டாள். அந்த ஓட்டுநர்மேல் முன்பே குற்ற வழக்குகள் இருந்தன. அவனுடைய நன்னடத்தைச் சான்றிதழே போலியானது என்று காவல்துறை தெரிவித்தது. 2019ஆம் ஆண்டு லண்டன் மாநகரப் போக்குவரத்து நிர்வாகம் வேறொன்றைக் கண்டுபிடித்தது. அனுமதியில்லாத சிலர், மற்ற ஓட்டுநர்களின் செயலிக் கணக்குகளில் தங்கள் புகைப்படத்தை ஏற்றி, குறைந்தது 14,000 பயணங்களை ஓட்டியிருந்தார்கள். இதையும் ஒரு காரணமாகக் காட்டி ஊபர் நிறுவனத்திற்கு உரிமம் மறுக்கப்பட்டது. மறு ஆண்டு நீதிமன்றத்தின் மூலமே அது திரும்பக் கிடைத்தது.

மூன்று ஊர்கள், மூன்று காலங்கள். கேள்வி ஒன்றே: ஓட்டி வருபவர் யார்?

உரிமம் எதைச் சொல்லுகிறது?

ஓட்டுநர் உரிமம் ஒருவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று சொல்லுகிறது. அவன் எப்படிப்பட்டவன் என்று அது சொல்லுவதில்லை. வாடகை வண்டி ஓட்ட முன்பு கட்டாயமாயிருந்த எட்டாம் வகுப்புத் தகுதி 2019இல் நீக்கப்பட்டது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியையும் அதே உரிமத்தைக்கொண்டு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. ஏழைக்கு இவை நன்மையே. ஆனால் வாசல் அகலமாகும்போது காவலும் விழிப்பாயிருக்க வேண்டுமல்லவா?

நடத்தையைப்பற்றிச் சட்டம் முற்றிலும் மௌனமாயில்லை. குடிக்கு அடிமையானவர், வண்டியைக் குற்றத்திற்குப் பயன்படுத்தியவர், பொதுமக்களுக்கு ஆபத்தாய் ஓட்டுபவர் ஆகியோரின் உரிமத்தைப் பறிக்க, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 19ஆம் பிரிவில் அதிகாரம் கொடுக்கிறது. 2016 ஏப்ரலில் கர்நாடக அரசு செயலி நிறுவனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. நிறுவனமே உரிமம் பெறவேண்டும். ஓட்டுநர் இரண்டு ஆண்டுகளாவது கர்நாடகத்தில் குடியிருந்திருக்க வேண்டும். கன்னடம் அறிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் அவை கூறின. ஊரிலிருந்து வந்து இறங்கிய மறுவாரமே மைத்துனனைக் கார் ஓட்ட அனுப்பும் குடும்பங்கள் இதைக் கவனிக்கவேண்டும். கன்னடம் கற்பதில் நமக்கு எந்தத் தாழ்வும் இல்லை.

நிறுவனத்தின் பொறுப்பு எதுவரை என்பது இன்னும் வழக்காடப்படும் காரியம். 2018இல் பெங்களூரில் ஒரு பெண் பயணி ஓட்டுநரின் ஆபாச நடத்தையைப்பற்றிப் புகார் செய்தார். ஓட்டுநர்கள் தங்கள் ஊழியர்கள் அல்லர் என்றது செயலி நிறுவனம். 2024 செப்டம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை ஏற்காமல், அப்பெண்ணுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டார். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

ஓட்டுநரின் பக்கமும் உண்டு

ஓட்டுநரைக் கண்டாலே சந்தேகிக்கும்படி நான் இதை எழுதவில்லை. ஞாயிறு காலை ஆராதனையில் கண் சொருகி உட்கார்ந்திருக்கும் சகோதரனை நான் அறிவேன். இரவெல்லாம் ஓட்டிவிட்டு வீட்டிற்கும் போகாமல் வந்திருப்பான். கார் கடனுக்கு மாதத் தவணை, நிறுவனத்திற்குக் கமிஷன், டீசல், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். இவையெல்லாம் போக மீதி வேண்டுமானால் தூக்கத்தைத்தான் விற்கவேண்டும். 2020இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஓட்டுநர் ஒரு நாளில் 12 மணி நேரத்திற்குமேல் செயலியில் இருக்கலாகாது. பின் 10 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்றன. வருமானம் போதாதபோது அந்த ஓய்வை யார் எடுப்பார்கள்?

ஆகவே ஒழுங்குமுறை என்பது தண்டிப்பது மாத்திரமல்ல. 2024 ஜனவரியில் கர்நாடக அரசு எல்லா டாக்ஸிகளுக்கும் ஒரே கட்டணத்தை அறிவித்தது. 10 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள காருக்கு முதல் 4 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 24 ரூபாய். 2025இல் அதே அரசு செயலித் தொழிலாளர்களுக்கான நலச் சட்டத்தை நிறைவேற்றியது. காரணத்தை எழுத்தில் கூறி 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காமல் ஒருவரை நீக்கக்கூடாது என்பது அதன் பொதுவிதி. யாரோ ஒரு பயணியின் கோபத்தினால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்துபோகலாகாது.

ஒரு சிறு உதவி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரன் என்னிடம் வந்தான். காய்ச்சலால் படுத்திருந்த நாட்களில் தவணை தவறாதபடி, ஊரிலிருந்து வந்த சித்தப்பா மகனிடம் காரையும் தன் செயலிக் கணக்கையும் கொடுத்ததாகச் சொன்னான். "தம்பிதானே பாஸ்டர், நல்ல பையன்" என்றான். நல்ல பையன்தான், ஒன்றும் நேரவில்லை. நான் அவனிடம் ஒன்றே கேட்டேன்: "உன் மகள் இரவில் கார் அழைத்து, படத்தில் ஒருவரும் வண்டியில் வேறொருவருமாக வந்தால், ஏறச் சொல்வாயா?" அவன் வெகு நேரம் பதில் சொல்லவில்லை. மறுநாள் கார் வீட்டு வாசலிலேயே நின்றது. அந்த மாதத் தவணையில் குறைந்ததை நாங்கள் சிலர் சேர்ந்து கொடுத்தோம்.

வாசகர்களே, சட்டம் அடைக்க முடியாத ஓட்டை இதுவே. அதை நாமே அடைக்கவேண்டும். கார் ஓட்டும் சகோதரரே, உமது பெயரையும் கணக்கையும் ஒருவருக்கும் இரவல் கொடாதேயும். தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்தும். பெற்றோரே, ஏறுமுன் எண் பலகையையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். டாக்ஸியின் பலகை மஞ்சளில் கறுப்பு எழுத்து. மின்சார டாக்ஸியானால் பச்சையில் மஞ்சள் எழுத்து. பிள்ளை தன் பெயரைச் சொல்லுமுன் ஓட்டுநர் சொல்லட்டும். முகம் வேறானால், எத்தனை அவசரமானாலும் ஏறவேண்டாம். ஆபத்தில் 112 என்ற எண்ணை அழைக்கட்டும். சபையாரே, தவணை கட்டமுடியாமல் ஓட்டுநர் ஒருவர் தடுமாறும் மாதத்தில் அவர் வீட்டை விசாரியுங்கள்.

இன்றிரவும் தொம்மலூர் மேம்பாலத்தைக் கடந்து நம் மகன் ஓட்டுவான். நம் மகள் பயணம் செய்வாள். இருவரும் விடியற்காலையில் சுகமாய் வீடு வந்து சேரவேண்டும். அதற்கு முன்னிருக்கையில் இருப்பவர், தாம் யாரென்று சொன்னாரோ அவராகவே இருப்பாராக.