நாலு ஏக்கருக்கு எந்த லோடர்?

நாலு ஏக்கருக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு டெலிஹேண்ட்லர் எடுக்கலாமா என்று கேட்டீர்கள், தம்பி. டீ குடித்துக்கொண்டே பேசுவோம். அவசரப்பட்டு முடிவு செய்கிற விஷயமில்லை இது.

டெலிஹேண்ட்லர் என்பது நீளும் கை வைத்த லோடர். இரண்டரை, மூன்று டன் எடையை ஆறேழு மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் வைக்கும். இங்கிலாந்தின் ஜேசிபி நிறுவனம் 1977இல் ‘லோடால்’ என்ற பெயரில் இதை விற்கத் தொடங்கியது. வைக்கோல் உருளைகளைக் கொட்டகைக்குள் உயர அடுக்குகிற பண்ணைகளுக்கு அங்கே இது இல்லாமல் ஆகாது. நம் நாட்டில் பெரும்பாலும் கட்டுமான வேலை நடக்கிற இடங்களில்தான் இதைப் பார்க்கலாம். வண்டியின் எடையே ஏழு டன் அளவுக்கு வரும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கர்கூட இல்லை. அப்படிப்பட்ட காட்டில் இவ்வளவு கனமான வண்டி இறங்கினால் திரும்ப இடம் போதாது, ஈரமண்ணும் இறுகிப்போகும்.

அதனால், உங்கள் காட்டில் தூக்க வேண்டியது என்ன என்று முதலில் எழுதிப் பாருங்கள். எரு, குச்சிக்கிழங்கு, மஞ்சள் மூட்டை, தேங்காய், சோளத்தட்டு. எல்லாமே டிரெய்லரின் பக்கப் பலகையைத் தாண்டினால் போதும். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் எந்த லோடரும் நுழையாது, அங்கே ஆள்தான். மற்ற வேலைகளுக்கு 35 முதல் 45 குதிரைத்திறன் உள்ள டிராக்டரில் முன்னால் மாட்டிய லோடர் தாராளம். கோயம்புத்தூரிலேயே இதைச் செய்கிறார்கள். கழற்றி வைத்துவிட்டால் அதே டிராக்டர் உழவுக்கும் ஆகும்.

அடுத்தது மணிக்கணக்கு. ஒரு பேச்சுக்கு, பழைய டிராக்டரும் லோடரும் சேர்த்து 4 லட்சம் என்று வையுங்கள். நூற்றுக்குப் பத்து என்றால் ஆண்டு வட்டியே 40,000 ரூபாய். லோடருக்கு ஆண்டில் 40 மணி நேரம்தான் வேலை என்றால், டீசலும் ஆயிலும் டயரும் சேர்க்காமலே மணிக்கு 1,000 ரூபாய் விழுகிறது. வாடகை வண்டிக்காரர் கேட்கிற தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. உழவும் சேர்ந்து ஆண்டுக்குச் சில நூறு மணி நேரம் ஓடுமென்றால்தான் சொந்த வண்டி கட்டுப்படியாகும்.

வாங்குவது என்று முடிவானால், வண்டி இதுவரை என்ன வேலை செய்தது என்று விசாரியுங்கள். லோடர் வேலை என்றால் முன்னே பின்னே ஓயாமல் போய்வர வேண்டும், கிளட்ச் தேயும். பாரம் முழுக்க முன் ஆக்ஸிலில் இறங்குவதால் கிங்பின்னும் ஹப் பேரிங்கும் சீக்கிரம் ஆட்டம் காணும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் ஆட்டிப் பாருங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் பக்கெட் நிறைய எருவோடு திருப்பினால் தோள் விட்டுப்போகும்.

காலையில் போய், என்ஜின் ஆறிக் கிடக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை விடாமல் வந்தால் இன்ஜெக்டரையோ ஏர் ஃபில்டரையோ பார்க்க வேண்டும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

லோடரின் உயிர் ஹைட்ராலிக்கில் இருக்கிறது. ஆயில் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருப்பதால் கசிவு தெரியாது. அரை மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, பக்கெட்டில் மண் நிரப்பித் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். பக்கெட் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் சிலிண்டர் சீலிலோ வால்விலோ கசிவு. சிலிண்டர் ராடில் கீறலும் துருப்புள்ளியும் இருந்தால், புது சீல் போட்டாலும் நிற்காது. ஹோஸில் கசிகிற இடத்தை ஒருபோதும் கையால் தடவித் தேடாதீர்கள். அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். தூக்கிய பக்கெட்டுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது.

லோடரின் கைகளிலும், அது டிராக்டரோடு சேரும் பிராக்கெட்டிலும் புது பெயின்ட் பளபளத்தால் அடியில் வெல்டிங் இருக்கிறதா என்று தேடுங்கள். பின்னால் எடைக்கட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னால் பாரம் ஏறினால் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். சரிவில் வண்டி கவிழ்வது அப்படித்தான். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

விலை பேசும் முன் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். கடன் பதிவு இருந்தால் கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கர்நாடகாவிலிருந்து வந்த வண்டி என்றால் படிவம் 28 இல்லாமல் முன்பணம் தராதீர்கள். வாங்கிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்திலும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும்.

என் முடிவு இதுதான், தம்பி: நாலு ஏக்கருக்கு டெலிஹேண்ட்லர் வேண்டாம். மணிக்கணக்கு இடம் கொடுத்தால் லோடர் மாட்டிய டிராக்டர், கொடுக்காவிட்டால் வாடகை. எதை வாங்கினாலும், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குத் தருகிற ஒரு நாள் கூலியைச் செலவாக நினைக்காதீர்கள்.