தொலைவு நீட்டிப்புப் பொறிக்கான எரிபொருள்

தொலைவு நீட்டிப்புப் பொறி என்பது மின் தானுந்தில் மின்னியற்றியைச் சுழற்றி, மின்கலத்தின் இருப்பு குறையும்போது மின்சாரம் அளிக்கும் சிறிய உள் எரி பொறி ஆகும். 2013 இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ ஐ3 தானுந்தில் 647 கன செ.மீ பெட்ரோல் பொறி விருப்பத் தேர்வாக வழங்கப்பட்டது. டீசல் பொறி சிக்கனமானது எனினும் எடையும் விலையும் மிகுந்தது.

இப்பொறி அரிதாகவே இயங்குவதால் எரிபொருள் தொட்டியில் பல மாதங்கள் தேங்கக்கூடும். நாளடைவில் பெட்ரோலில் பிசின் உருவாகும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சும். நீர் மிகுந்தால் இரு அடுக்குகளாகப் பிரியும். இந்தியா 2025 இல் 20 விழுக்காட்டுக் கலப்பை எட்டியதால் இது கவனிக்கத்தக்கது. 2010 இல் வெளிவந்த செவ்ரோலெட் வோல்ட், பெட்ரோல் ஏறத்தாழ ஓராண்டு பழையதானால் பொறியைத் தானாகவே இயக்கி அதனைச் செலவழிக்கும்.

அழுத்திய இயற்கை எரிவளி இவ்வாறு கெடுவதில்லை. ஆயினும் கனமான உருளைகள் தேவை. பேருந்துகளில் அதற்கு இடமுண்டு. சென்னையின் அசோக் லேலண்டு நிறுவனம் 2010 இல் இவ்வெரிவளியில் இயங்கும் கலப்பினப் பேருந்தைத் தில்லியில் காட்சிக்கு வைத்தது.