ஊசி போட்ட கை ஏன் உயரலை?

சும்மா ஒரு கற்பனை பண்ணிக்குங்க. எம்.எஸ். படிக்க அமெரிக்கா போயிருக்கீங்க. கேம்பஸ்ல ஃப்ளூ தடுப்பூசி போடுறாங்க. நீங்க சேர்ல உட்கார்ந்திருக்கீங்க, நர்ஸ் நின்னுக்கிட்டிருக்காங்க. முழுக்கை சட்டையைச் சுருட்ட சோம்பேறித்தனம். காலரை இழுத்துவிட்டு தோளை மட்டும் காட்டுறீங்க. 'சுருக்'... வேலை முடிஞ்சது!

அன்னிக்கு ராத்திரியே வலி ஆரம்பிக்குது. 'ஊசின்னா வலிக்கத்தானே செய்யும்'னு விட்டுடுறீங்க. ஒரு வாரம் போகுது, ஒரு மாசம் போகுது. தலை சீவ கை மேல வர மாட்டேங்குது. பேக்கை மாட்டினா உயிர் போகுது. என்னங்க நடந்துச்சு?

இதுக்கு டாக்டர்கள் வெச்சிருக்கிற பேரு 'சிர்வா'. தடுப்பூசி போடும்போது ஏற்படுற தோள்பட்டைக் காயம்னு அர்த்தம். அமெரிக்காவில் இப்படிப் பாதிக்கப்பட்ட 13 பேரை ஆராய்ந்து, 2010-ல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரைதான் இந்தப் பேரைப் பரப்பியது.

பழி மருந்து மேல இல்லை, ஊசி இறங்கின இடத்து மேலதான்! தோள் எலும்பு முனையிலிருந்து ரெண்டு, மூணு விரற்கடை கீழே, சதைப்பிடிப்பான தசையில் ஊசி இறங்கணும். அதுக்கு மேலே போட்டா, மூட்டு உராயாம காக்குற 'பர்சா' என்கிற சின்னப் பைக்குள்ள மருந்து போயிடலாம். உடம்பு அங்கேயே சண்டையை ஆரம்பிக்கும். வீக்கம், வலி, கை லாக்! ரொம்ப அபூர்வம்தான். ஆனா, மாட்டினவங்களுக்கு மாசக்கணக்கில் அவஸ்தை.

சரி, நஷ்டத்துக்கு யார்கிட்ட போய் நிக்கிறது? நர்ஸ்கிட்டயா, கம்பெனிகிட்டயா?

ரெண்டு பேர்கிட்டயும் இல்லை. 1980-களில் தடுப்பூசிக் கம்பெனிகள் மேல அமெரிக்காவில் வழக்குகள் குவிந்தன. 'நமக்கு இந்த வியாபாரமே வேணாம் சாமி'ன்னு சில கம்பெனிகள் கழன்டுக்க, மருந்துத் தட்டுப்பாடு வந்தது. அதனால 1986-ல் ஒரு சட்டம் போட்டாங்க. 1988-ல் 'தேசிய தடுப்பூசிப் பாதிப்பு இழப்பீட்டுத் திட்டம்' ஆரம்பமாச்சு. ஒவ்வொரு டோஸிலும், அது தடுக்கிற ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி. ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட். மூணு நோயைத் தடுக்கிற எம்.எம்.ஆர். ஊசிக்கு 2.25 டாலர். இந்தப் பணம் சேர்ற நிதியிலிருந்துதான் இழப்பீடு. ஊரெல்லாம் ஊசி போட்டு நலமா இருக்கு. அடிபட்ட ஒருத்தரை எல்லாருமா சேர்ந்து தாங்கிக்கிறாங்க. நல்ல கணக்குதானே?

மனுவை வாஷிங்டனில் இருக்கிற ஃபெடரல் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் போடணும். எதிர் மனுதாரர், நாட்டோட சுகாதாரத் துறைச் செயலர்! தீர்ப்பு சொல்றவர் 'ஸ்பெஷல் மாஸ்டர்' (டான்ஸ் மாஸ்டர் இல்லீங்க!). 'நர்ஸ் தப்பு பண்ணினாங்க'ன்னு நிரூபிக்க வேண்டியதே இல்லை.

2017-ல் தோள்பட்டைக் காயத்தையும் திட்டத்தின் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்த்தாங்க. பட்டியலில் இருந்தா, காரணம் தடுப்பூசிதான்னு சட்டமே எடுத்துக்கும். ஆனா, நாலு கண்டிஷன்:

* அந்தத் தோளில் முன்னாடி வலி இருந்திருக்கக் கூடாது.
* ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி ஆரம்பிக்கணும்.
* வலியும், அசைக்க முடியாத நிலையும் ஊசி போட்ட தோளில் மட்டும் இருக்கணும்.
* வேற நோயால வந்ததா இருக்கக் கூடாது.

இது போக, பாதிப்பு 6 மாசத்துக்கு மேல நீடிக்கணும். இல்லைன்னா ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆபரேஷன் ஆகியிருக்கணும். முதல் அறிகுறியிலிருந்து 3 வருஷத்துக்குள் மனு போடணும். ஜெயிச்சா மருத்துவச் செலவு, போன சம்பளம், கூடவே வலிக்காக அதிகபட்சம் 2,50,000 டாலர். நியாயமான மனுன்னா, தோத்தாலும் வக்கீல் ஃபீஸை நிதியிலிருந்தே தரலாம்!

இதுலயும் ஒரு ட்விஸ்ட். 'ஊசி குத்தின விதம்தானே கோளாறு? தடுப்பூசி நிதி ஏன் கொடுக்கணும்?'னு கேட்டு, 2021 ஜனவரியில் சிர்வாவைப் பட்டியலிலிருந்து எடுக்க அரசு உத்தரவு போட்டது. ஆட்சி மாறியது. ஏப்ரலில் அந்த உத்தரவே வாபஸ்! குத்தாம உடம்புக்குள்ள போற ஊசி ஏதுங்க?

கொரோனா தடுப்பூசிக்கு வேற ஒரு திட்டம். ஊசி போட்ட ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பிக்கணும். கோர்ட்டும் கிடையாது, வலிக்குக் காசும் கிடையாது.

அமெரிக்கக் கனவில் இருக்கிறவங்க கவனிங்க. ஊசி எந்த மண்ணில் போட்டீங்க என்பதைத்தான் 1986 சட்டம் கேட்குது, குடியுரிமையை அல்ல. அதனால ஸ்டூடண்ட் விசாவில் போற நீங்களும் மனு போடலாம். ஆனா, 'தானா சரியாயிடும்'னு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆறு மாசம் கழிச்சு டாக்டர்கிட்ட போனா, 48 மணி நேரக் கணக்கை எதை வெச்சுக் காட்டுவீங்க? எந்தக் கையில, எந்தத் தேதியில் போட்டாங்கன்னு சீட்டு வாங்கி வைங்க. வலி விடலைன்னா உடனே டாக்டரைப் பார்த்து, அதை எழுத்தில் பதிய வைங்க.

ஊசிக்குப் பயந்து ஓடாதீங்க. போட்டுக்கும்போது சட்டைக் கையை நல்லா மேல சுருட்டிட்டு, 'நீங்களும் உட்கார்ந்து போடுங்க சிஸ்டர்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. தோள் தப்பிச்சுக்கும்!